பின்பலகை இல்லாத வண்டி

1943 ஜூலை 12, திங்கட்கிழமை. காலை 4.30-க்கு எழுந்தேன். சாரல், மேற்கே மலை தெரியவில்லை. 5.00-க்கு விடுதியின் வெளிக்கதவைத் திறந்தேன். 5.10-க்கு வண்டி முதல் நடை, ஆறு பேர். 7.20-க்கு இரண்டாம் நடை, குற்றாலத்துக்கு, ஐந்து பேர், ஒருத்திக்குக் காய்ச்சல். காலை உணவு இட்லி மூன்று. பேனாவைக் கழுவி மை நிரப்பினேன். 10.15-க்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம்.

அன்றைய டைரிக் குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. அந்த டைரி இப்போது என் அறைச் சுவரில் ஒரு பலகையின் மேல் மற்ற டைரிகளோடு வரிசையாக நிற்கிறது. பலகை பலா மரம். மூன்றரை அடி நீளம், ஒன்பது அங்குல அகலம். இரண்டு முனையிலும் இரும்பு வளையம் உண்டு. புத்தகம் அடுக்குவதற்கு வளையம் எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். வண்டியில் இருந்தது என்று மட்டும் சொல்வேன். ஒரு கூண்டு வண்டியின் பின்வாயை அடைத்திருந்த பலகை அது. அதில் கை படும்போதெல்லாம், எத்தனை வெயில் அடித்தாலும், எனக்குச் சாரலின் ஈரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. இது மரத்தின் குணமா என் குணமா என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவைக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

அப்போது நான் தென்காசியில் ஒரு தர்ம சபையின் எழுத்தராக இருந்தேன். வயது நாற்பத்து மூன்று. மேலகரத்து ஓரத்தில், வயல்களுக்கு நடுவே, ஒருவர் தன் பழைய நெல் களஞ்சியத்தை சபைக்குக் கொடுத்திருந்தார். அதைத் தடுத்து அறைகளாக்கிப் பதினேழு பெண்கள் தங்கும் விடுதி நடத்தினோம். யுத்தத்தில் பர்மாவை விட்டு ஓடிவந்தவர்கள் சிலர், கணவனை இழந்தவர்கள் சிலர், பிறந்த வீடும் புகுந்த வீடும் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் சிலர். அவர்களுக்குச் சோறு போடுவது சபைக்குச் சிரமமாக இருக்கவில்லை. ஆளுக்கொரு வேலை பிடித்துக் கொடுப்பதும் எப்படியோ முடிந்தது. நெசவுக் கொட்டகை, பள்ளிக்கூடச் சமையல், சீசன் நாட்களில் குற்றாலத்து பங்களாக்களில் அடுப்படி வேலை. அந்த வேலைக்குத் தினமும் எப்படிப் போய்ச் சேர்வது என்பதைத்தான் யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. கூட்டங்களில் பேசியவர்கள் ‘புதுவாழ்வு’ என்று அடிக்கடி சொன்னார்கள். அந்தப் புதுவாழ்வு விடுதியிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் இருந்தது.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சின்ன ஏற்றம் வந்தாலும் பஸ் நின்றுவிடும்; ஏறியவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டிய பெண் அதை நம்பிப் புறப்பட முடியாது. ஆகவே சபை ஒரு கூண்டு வண்டியும் இரண்டு காளைகளும் வைத்திருந்தது. வண்டியில் ஆறு பேர் உட்காரலாம். முதல் நடை பாலத்தைச் சுற்றி ஆற்றின் அக்கரைக்கு. இரண்டாம் நடை குற்றாலத்துக்கு. இரண்டு நடைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஏறலாம். மீதி ஐந்து பேர் நடக்க வேண்டும். அந்த ஐவர் யார் என்பதில் ஆரம்ப நாட்களில் தினமும் தகராறு. ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்குத் தலைசுற்றல், இன்னொருத்தி ஜமீனில் இருந்தவள், நடந்தால் நான்கு பேர் பார்ப்பார்கள். யார் சொல்வது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? மனிதர்கள் சொல்வதை விட்டுவிட்டு, தூரத்தைக் கேட்போம் என்று முடிவு செய்தேன். ஒன்றரை மைலுக்கு மேல் போகிறவர்களுக்கு வண்டி, அதற்குக் குறைந்தவர்கள் நடக்க வேண்டியது. அந்த விதியில் எனக்கு மிகுந்த திருப்தி இருந்தது.

பங்குனி மாதத்தில் ஐந்து நாள் மெனக்கெட்டு ஒவ்வொரு பாதையையும் அளந்தேன். என் சைக்கிளின் முன் சக்கரத்துக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, ஏறி ஓட்டாமல், உருட்டிக்கொண்டு நடந்தேன். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம். துணி ஒரு தடவை மேலே வந்தால் ஏழு அடி நான்கு அங்குலம். எழுநூற்று இருபது தடவை வந்தால் ஒரு மைல், ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல். அந்த எண் அப்படிச் சுத்தமாக அமைந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வண்டிக்கார அண்ணாச்சி களத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன ஐயா, சைக்கிளுக்குக் காய்ச்சலா? நடத்திக் கூட்டிட்டுப் போறீய?” என்றார்.

அளக்கிறேன் என்றேன். அவர் காளையிடம் திரும்பி, “கேட்டியாலே, ரோட்டை அளக்காவளாம். நாம அளந்த ரோட்டை யாரும் எழுதி வைக்கலியே” என்றார்.

அளந்ததை எல்லாம் ஒரு பெரிய தாளில் அட்டவணையாக எழுதினேன். கறுப்பு மையில் பெயரும் தூரமும், சிவப்பு மையில் கோடு. அடியில் ‘நேரில் அளந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டினேன். அன்றோடு தகராறு நின்றது. அச்சடித்தது போன்ற எழுத்துக்கு முன்னால் முழங்கால் வலியும் தலைசுற்றலும் பேச்சற்றுப் போயின. நான் அதை நியாயம் வென்றதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த அட்டவணையின் பதினான்காம் வரியில் இருந்தவளை விடுதியில் எல்லோரும் ரங்கூன் அக்கா என்றார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சிவகிரிப் பக்கம் பிறந்தவள். கல்யாணம் ஆனதும் கணவனோடு ரங்கூன் போனவள்; அங்கே அவன் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தான். குண்டு விழத் தொடங்கியபின் கப்பலில் இடம் கிடைக்காமல் மலை வழியாக நடந்து வந்த கூட்டத்தில் வந்தவள். தனியாக வந்து சேர்ந்தாள் என்பது மட்டும் எங்கள் பதிவில் இருந்தது. அவள் மற்றவர்களைப் போல வேகமாகப் பேசமாட்டாள். ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வி தூரத்திலிருந்து நடந்து வந்து சேரும்வரை காத்திருப்பவள் போல, சற்று நேரம் நம் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் சொல்வாள். பேசும்போது நமக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போலத் தோன்றும். நானே இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குக் கிடைத்தது மற்றவர்களுடையதைவிட நல்ல இடம். ஆற்றின் அக்கரையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு வருஷம் கூடமாட இருந்து வேலை கற்றுக்கொண்டால் மருத்துவச்சி என்று சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால் அவள் எந்த ஊரிலும் தனியாக வாழலாம், யார் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒண்ட வேண்டாம். ஆறு மணிக்கு ஆஜர். பிந்துகிறவர்களை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். இடத்துக்குக் காத்திருந்தவர்கள் பலர். சபையின் விதியும் ஒன்று இருந்தது: தன் குற்றத்தால் வேலையை இழந்தவள் விடுதியை விட்டுப் போய்விட வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்கு வயல் வரப்பில் போய், சிற்றாற்றில் இறங்கி ஏறினால் ஒரு மைல் மூன்று பர்லாங்கு. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு சுற்று. நான் அளந்தபோது ஆற்றில் மணலும் பாறையும்தான். நடுவில் கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு கீற்றுத் தண்ணீர். அங்கே மட்டும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலடியால் அளந்து, பன்னிரண்டு சுற்று என்று சேர்த்துக்கொண்டேன். ஒன்றரை மைலுக்குக் குறைவு. ஆகவே ரங்கூன் அக்கா நடக்க வேண்டியவள். நடக்கிற மற்ற நால்வருக்கும் வேலை மேலகரத்துக்குள்ளேயே. ஆற்றைக் கடக்க வேண்டியவள் இவள் ஒருத்திதான்.

சித்திரையிலும் வைகாசியிலும் அவள் ஒரு நாளும் பிந்தவில்லை. ஜூன் கடைசியில் ஒரு நாள் கால் மணி பிந்தியதாக ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வந்தது. மாலையில் அவளை என் மேஜை முன்னால் நிறுத்திக் காரணம் கேட்டேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு, “பாதை கூடிப்போச்சு ஐயா” என்றாள்.

“ஒரு மைல் மூணு பர்லாங்கு. நானே அளந்திருக்கேன்.”

“ஆமா ஐயா. நீங்க அளந்தது சரிதான்.”

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த செங்கோட்டைக்காரி ஒருத்திக்கு எதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. “ரைட்டர் ஐயா அளந்த பாதை எப்படிக் கூடும் சேச்சி? சொன்ன எடத்துல அசையாமக் கெடக்கும். அருவி ஒண்ணுதான் அளக்காம பாக்கி” என்றாள். உள்ளே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரங்கூன் அக்கா சிரிக்கவில்லை. நான் பதிவில் எழுதினேன்: ‘பாதை கூடிவிட்டதாகச் சொல்கிறாள். பொருந்தாத காரணம். எச்சரிக்கப்பட்டாள்.’

அந்தத் தேதியின் டைரிக் குறிப்பைப் பின்னொரு நாள் எடுத்துப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தில், அதே பேனாவால், ‘ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அருவிகளில் நல்ல தண்ணீர் என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறது. பதிவேடு மேஜையின் இடது பக்கம் இருக்கும், டைரி வலது பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்தை நான் அளக்கவே இல்லை.

ஜூலை 12 காலை வந்த கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. இன்று மறுபடியும் பிந்திவிட்டாள். இனி ஒரு நாள் பிந்தினாலும் பெயர் எடுக்கப்படும். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. நல்ல இடத்தைக் கெடுத்துக்கொள்கிறாளே என்ற கோபம். அவளை விடுதியை விட்டு அனுப்பச் சொல்லி நானே சபைக்கு அறிக்கை எழுத வேண்டி வரும். அதில் ‘பாதை கூடிப்போச்சு’ என்ற பேச்சுக்கு இடம் இருக்கக்கூடாது. இன்னொரு தடவை அளந்து, தேதி போட்டு, அறிக்கையோடு இணைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மாலை நான்கரை மணிக்குச் சிவப்புத் துணியைத் தேடி எடுத்துச் சக்கரத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

சாரலை மழை என்று சொல்ல முடியாது. அது விழுவது தெரியாது, நனைந்திருப்பதுதான் தெரியும். வயல்களில் நடவு முடிந்து பச்சை பிடித்துக்கொண்டிருந்தது. மலையும் வானமும் ஒன்றாகிப் பால் கலந்த நீர் போலத் தெரிந்தன. அதற்குள் எங்கேயோ அருவி இருந்தது. துணி மேலே வருவதையும் கீழே போவதையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். இருநூறு. முந்நூறு. ஒரு கொக்கு என் முன்னால் சிறிது தூரம் நடந்து, பிறகு மனசு மாறியது போலப் பறந்து போனது. ஐநூறு. எண்களைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாதது போல ஒரு நிம்மதி. அறுநூற்றுப் பன்னிரண்டில் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது.

அங்கே நின்றேன். பங்குனியில் நான் சைக்கிளைத் தோளில் தூக்கிய இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. செந்நிறம் தெளிந்து, கருத்து, அகலமாக, அவசரம் இல்லாமல், ஆனால் ஒரு ஆளை நிற்கவிடாத பலத்தோடு. எதிர்க்கரையில் என் பாதை மறுபடியும் ஏறிப் போவது தெரிந்தது. நடுவில் இருக்க வேண்டிய பன்னிரண்டு சுற்றைக் காணவில்லை. எத்தனை நேரம் நின்றேன் என்று டைரியில் இல்லை. வாயில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணோடு, முழங்கால்வரை ஈரத்தோடு நின்றேன். தென்காசியில் பிறந்து வளர்ந்த யாருக்கும், கைக்குழந்தைக்குக்கூட, ஆனியில் ஆறு வரும் என்று தெரியும். எனக்கும் தெரியும். தினமும் எழுதியும் வைத்தேன். எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால்தான் யாரும் சொல்லவில்லை. தெரிந்தேதான் ஐயா இப்படி வைத்திருக்கிறார் என்று எண்ணியிருக்கிறார்கள்.

தலை நிமிர்ந்தபோது அக்கரையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள். ரங்கூன் அக்கா. வேலை முடிந்து திரும்புகிற நேரம். அவள் ஏதோ சொன்னாள். ஆற்றின் இரைச்சலில் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு கையை நீட்டிக் கிழக்கே, பாலம் இருக்கும் பக்கம் காட்டினாள். சின்னக் குழந்தைக்கு வழி காட்டுவது போலப் பொறுமையாகக் காட்டினாள்.

நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம், நடுவில் ஆறு. நான் இக்கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அவள் அக்கரையில். அறுநூற்றுப் பதிமூன்று, பதினான்கு என்று எண்ணினேன். சாரல் கனத்தால் அவள் மறைந்துவிடுவாள். விலகினால் மறுபடி தெரிவாள். மறைந்து தெரியும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்தங்கியிருந்தாள். நான் நடையைக் குறைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் இடது காலை ஊன்றாமல் இழுத்து வைத்து நடந்தாள். மூன்று மாதமாக அவளை என் மேஜை முன்னால் நிற்கவே பார்த்திருக்கிறேன். அவள் நடந்து நான் பார்த்தது அன்றுதான். எங்கோ எண்ணூற்றுச் சில்லறையில் எண் தவறிவிட்டது. என் வாழ்நாளில் எண்ணும்போது எண் தவறியது அந்த ஒரு தடவைதான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னொரு நாள் அளந்தேன். பாலத்தைச் சுற்றினால் இரண்டு மைல் ஒரு பர்லாங்கு, ஆயிரத்து ஐந்நூற்று முப்பது சுற்று.

பாலத்தின் நடுவில் சந்தித்தோம். அவள் சக்கரத்தில் இருந்த துணியைப் பார்த்துவிட்டு, “எம்புட்டு வந்துது ஐயா?” என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

“எண்ணம் தப்பிட்டும்மா” என்றேன்.

விடுதிப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினோம். அந்த நேரத்தில் அக்கரை நெசவுக் கொட்டகைப் பெண்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி பின்னாலிருந்து வந்தது. என் முதுகு அண்ணாச்சிக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. தினமும் செய்கிற வேலை போல மாட்டை இழுத்து நிறுத்தி, “ஏறு தாயி. இன்னைக்காவது ஏறுதியா?” என்றார். நான் திரும்பினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஐயா, சும்மாத்தான் கேட்டேன். பட்டியல்ல இல்லாத ஆளை நான் ஏத்துததில்ல.”

“தினமும் கேக்கீராவே?”

அவர் காளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “காலைல பாதி வழியில நடந்து போவுதா. அந்தக் காலை வச்சுக்கிட்டு. கண்ணை மூடிட்டா போவ முடியும்? கேக்குதேன். ஏற மாட்டேங்கா. இவளுக்கு உங்க பயமா வேற என்ன பயமான்னு தெரியல.”

கூண்டுக்குள்ளிருந்து பின்பலகைக்கு மேலாகத் தலையை நீட்டி செங்கோட்டைக்காரி என்னைப் பார்த்தாள். அன்று கொட்டகையில் அவளுக்கு முறை. “ஐயாவே நேர்ல வந்தாச்சா? ஆத்தையும் உருட்டி எடுத்துட்டுப் போயி சுவத்துல ஒட்டிருங்க. எங்களுக்கு நடக்க எடம் கெடைக்கும்” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் ரங்கூன் அக்காவிடம், இனி அவளுக்கு வண்டி உண்டு, நாளைக் காலையே ஏறலாம் என்றேன். பாலம் வழியாகத் தூரம் விதியின் ஒன்றரை மைலைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னேன். அந்த நேரத்திலும் விதியைத்தான் சொன்னேன்.

“வேண்டாம் ஐயா” என்றாள். “நான் ஏறினா ஒருத்தி எறங்கணும். எறங்காட்டாலும் எனக்கு முடியாது.”

வண்டி முன்னால் போனது. அதன் பின்னால் நாங்கள் நடந்தோம். அந்த மூடிய பலகையும், அதற்குக் கீழே ஆடும் லாந்தரும், இரண்டு பக்கமும் உருளும் சக்கரங்களும் சாரலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். யாருக்கும் சொல்லாததை எனக்கு ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. எண்ணம் தப்பிவிட்டது என்று நான் சொன்னதாலோ என்னவோ.

“மலைல நடந்து வரையில இந்தக் கால் புழுத்துப் போச்சு ஐயா. ரெண்டு விரலு போயிட்டு. நடக்க முடியாதவுகளை ஏத்திக்கிட்டுப் போக தர்ம வண்டி வந்துச்சு, இப்படித்தான் கூண்டு கட்டின வண்டி. ஒரு ஆளுக்குத்தான் எடம் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக என்னையத் தூக்கி உள்ள வச்சாவ. நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன்னாவ. ஆளுக விழுந்துரக்கூடாதுன்னு வண்டிக்காரவுக பின்னால ஒசரமாப் பலகையை மாட்டிட்டாவ. எட்டிப் பாக்க முடியல. பின்னாலதான வாராவன்னு நானும் உக்காந்துட்டேன். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“முகாம்ல எட்டு நாள் வழியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வரல. செத்தாவளா, வேற வழி போனாவளா, ஒண்ணும் தெரியாது. பலகை இல்லாம இருந்தா, எந்த எடம் மட்டும் வந்தாவன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?”

முன்னால் வண்டி களத்துப் பக்கம் திரும்பியது. பலகையின் விளிம்பில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பலகையைப் பொருத்தச் சொன்னதும் நான்தான். பெண்கள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக.

விடுதிக் கதவருகே வந்ததும், “பலகை இல்லாட்டி ஏறுவியாம்மா?” என்று கேட்டேன்.

வழக்கம்போலச் சற்று நேரம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“மத்தவ விழுந்துட்டா?”

“குறுக்கே கயிறு கட்டுதேன்.”

“அப்ப, பின்னாலயே பாத்து உக்காந்துக்கிடுதேன் ஐயா. காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு. யாரு எடமும் வேண்டாம்.”

அவள் சான்றிதழ் வாங்கினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் பிந்தவில்லை. வண்டியில் ஏழாவது ஆளாக, முதுகு கூண்டுக்கு உள்ளேயும் கால் வெளியேயுமாக, வாசற்படியில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்து போனாள். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குற்றாலத்துக்குக் குளிக்க அழைத்துப் போனோம். திரும்பும்போது நான் சைக்கிளில் வண்டிக்குப் பின்னால் வந்தேன். அவள் ஈரத் தலையை விரித்துப் போட்டு, கால்களை ஆட்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் அருவி சிறுத்துக்கொண்டே வருவதைப் பார்த்தபடி இருந்தாள். முதலில் அது அருவியாக இருந்தது, பிறகு ஒரு வேட்டி அகலம், பிறகு ஒரு நூல். நூலும் மறைந்தபின் என்னைப் பார்த்து, “போயிட்டு” என்றாள். அழுகையோ சிரிப்போ இல்லை. ஒன்று எந்த இடத்தில் கண்ணை விட்டு மறைந்தது என்று குறித்துக்கொள்கிறவளின் குரல் அது. அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். பல வருஷமாக என் குரலும் அதுதான்.

இவையெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது பஸ்களின் முதுகில் கரி அடுப்பு இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சீசனில் அடுத்தடுத்து பஸ் ஓடுகிறது. விடுதி வேறு ஊருக்கு மாறிவிட்டது. வண்டியை விற்றார்கள், வண்டிக்கார அண்ணாச்சி மகனோடு சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கிறார். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை நான் கிழித்துவிட்டு, பங்குனிக்கு ஒன்றும் ஆனிக்கு ஒன்றுமாக இரண்டு எழுதினேன். அவையும் சுண்ணாம்போடு போயிருக்கும். ரங்கூன் அக்கா சிவகிரிப் பக்கத்தில் மருத்துவச்சியாக இருக்கிறாள். அவளைத் தேடி இப்போது வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறது. போன மாதம் ஒரு வேலையாக இங்கே வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். காபி குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். பலகையின் வளையங்களை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எழுந்து போய், டைரிகள் சரியாதபடி, ஒரு வளையத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல விட்டாள். எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் எங்கே உட்கார்ந்து வந்தாய் என்று நானும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு அந்த வருஷத்து டைரியை எடுத்தேன். திங்கட்கிழமைப் பக்கத்தில், கடிதம் வந்ததற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. வாழ்க்கையில் நான் பாதியில் விட்ட ஒரே பக்கம் அது. அடுத்த பக்கம் இப்படித் தொடங்குகிறது.

1943 ஜூலை 13, செவ்வாய்க்கிழமை. சாரல். 4.10-க்கு எழுந்தேன். முகம் கழுவுவதற்கு முன், முதல் வேலையாக, வண்டியின் பின்பலகையைக் கழற்றினேன்.